முந்திக்கொண்ட வாழ்த்து

பிறந்தநாள் வாழ்த்தை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். மறந்துவிடக் கூடாது என்ற கவலைதான். மலேசியாவில் எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் அதற்காகவே எனக்கு நல்ல பெயர்.

ஜெர்மனியில் படித்த மகனைப் பார்க்கப் போயிருந்தேன். அவனுக்கு அறை கொடுத்திருந்த ஹெல்கா அம்மையார், இதய அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் தேறியிருந்தார். நான் ஊர் திரும்பிய பிறகுதான் அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். அதனால் கிளம்புமுன் கேசரி கிண்டிக் கொடுத்து, "ஹேப்பி பர்த்டே" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

மகன் பதறினான். "ஐயோ அப்பா! இங்க முன்கூட்டியே வாழ்த்தினா ஆகாதுலா. அந்த நாளைப் பார்க்காமலே போயிடுவோமோன்னு பயப்படுவாங்க."

"அப்ப இது நான் ஊருக்குப் போற இனிப்புன்னு சொல்லுடா."

அவன் சொன்னதும் அம்மையார் மெல்லச் சிரித்து, ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் விமானத்தில் தூக்கம் வரவில்லை.

பிறந்தநாளன்று, அங்கே விடியட்டும் என்று மதியம்வரை காத்திருந்து அழைத்தேன். "உயிரோடுதான் இருக்கிறேன், இப்போது வாழ்த்துங்கள்!" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

மகன் படிப்பு முடிந்து வந்துவிட்டான். ஆனாலும் ஆண்டுதோறும் அந்த நாளில் மதியம்வரை காத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு காதில் விழுந்த பிறகே வாழ்த்துகிறேன்.