அம்மா என்று கூப்பிட மாட்டேன்

எங்கள் ஹோமில் வார்டனை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்துபோய் ‘மேடம்’ என்று சொன்னவளுக்கு அன்றைக்கு மாலை டீ கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில், கம்பெனி பஸ்கள் திரும்பும் தெருவில் இருந்த பெண் குழந்தைகள் காப்பகம் அது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்துப் பாயில் படுத்தவளுக்கு எட்டு வயது. தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவாள். ஒருநாள் காலையில் அதை நான் கழுவிக் காயப்போட்டதை வார்டன் பார்த்துவிட்டார். செடிக்குத் தண்ணீர் விடும் டியூபால் இரண்டு பேருக்கும் விழுந்தது. எனக்கு முதுகு. அவளுக்குக் கை, சோற்றைப் பிசைய முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. என் கழுத்துவரை ஏறியிருந்த தடிப்பைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவர்தான் போன் செய்தார்.

குழந்தைகள் நலனுக்கென்று இருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். வருவதை முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். கேட்க வேண்டுமா! அன்றைக்குச் சாம்பாரில் காய் இருந்தது. ஏதோ கம்பெனி கொடுத்து, பீரோவில் பூட்டியே கிடந்த புதுத் துணிகள் வெளியே வந்தன. சின்னவளுக்கு மட்டும் பார்த்துப் பார்த்து முழுக்கைச் சட்டை.

எங்கள் இருவரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். வார்டன் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பயப்படாம சொல்லும்மா” என்றார் மேடம்.

“அவங்க வெளிய போனா சொல்றேன்.”

வார்டன் முறைத்துக்கொண்டே எழுந்து போனார். சொன்னேன். சின்னவளின் முழுக்கையைச் சுருட்டியும் காட்டினேன். மேடம் எழுதி முடித்துப் படித்தார்: ‘காப்பாளர் தாயைப் போல் கண்டித்தார்.’ கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், கையெழுத்துப் போடவில்லை.

“டியூபால அடிச்சாங்கன்னு சொன்னேனே, அது இன்னா ஆச்சு மேடம்?”

“நீயே அம்மான்னுதானே கூப்புடுற? அம்மான்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வாங்க.”

“கூப்புடலன்னா டீ கிடையாது, அதான் கூப்புட்டோம். அவங்க எங்க அம்மா இல்ல. சம்பளம் வாங்குற வார்டன்.”

“பப்ளிக் எக்ஸாம் வருது. பிரச்சனை பண்ணா உன்னத்தான் வேற ஹோமுக்கு மாத்துவாங்க.”

“மாத்திக்குங்க. மொதல்ல அந்த வரிய மாத்துங்க.”

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன். கால் வலிக்கிற வரைக்கும் நின்றேன். கடைசியில் மேடம் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘டியூபால் அடித்தார்’ என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கே நாளில் மாற்றினார்கள். அடித்தவரை அல்ல, என்னை. ‘சிறுமியின் பாதுகாப்பு கருதி’ என்றது உத்தரவு. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மறைமலை நகர்ப் பக்கம் வேறு காப்பகம், வேறு பள்ளிக்கூடம். சின்னவள் அங்கேயே கிடந்தாள். பிற்பாடு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி லைனில் வேலைக்குச் சேர்ந்தேன். லைனில் வரும் பொருளில், அதாவது பீசில், கோளாறு என்று ஒருத்தி சொன்னால் அங்கே பீசைத்தான் எடுத்து ஓரம் வைப்பார்கள், சொன்னவளை அல்ல. இவ்வளவு படித்தவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மறைமலை நகர்க் காப்பகத்தின் புது வார்டனும் நான் போன முதல் நாளே, “என்னை அம்மான்னு கூப்புடு” என்றார். “மேடம்னே கூப்புடுறேன், மேடம்” என்றேன். முகம் சுளித்தார். டீயை மட்டும் நிறுத்தவில்லை.

பரீட்சை முடிந்த பிறகு, வேறோர் அதிகாரி பழைய கோப்பைப் புரட்டியிருக்கிறார். ‘டியூபால் அடித்தார்’ என்ற அந்த வரி கண்ணில் பட்டிருக்கிறது. சின்னவளையும் நான் இருந்த இடத்துக்கே அனுப்பினார்கள். துணிப்பையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வா கண்ணு, அம்மாகிட்ட வா” என்று வார்டன் கையை நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வார்டன் பக்கம் திரும்பினாள்.

“வணக்கம் மேடம்” என்றாள்.