வெள்ளெலிக்குக் கொய்னா

"…அதுக்கில்லீங்கய்யா, குதிரைன்னா நாக்கைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுத்து மருந்து உருண்டையை உள்ள தள்ளிடுவேன். இதுக்கு நாக்கே அரிசிக் குருணை அளவுதான் இருக்கு. எதைப் பிடிக்கிறது, எங்க தள்ளுறது?"

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்து, மருந்துக்கு வந்தவர்களும் குடித்துவிட்டுப் போன பிறகு, டிஸ்பென்சரி வாசலில் நின்று இப்படிக் கேட்டவன் பங்களாக் குதிரைக்காரன் வீரமுத்து. தோள் துண்டுக்குள் ஏதோ நெளிந்தது. விலக்கிக் காட்டினான். பால்வெள்ளை எலி ஒன்று, சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்துத் தும்மியது.

பதுளைக்கு ரயில் வருவதற்கு முந்திய காலம் அது. நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். கம்பவுண்டர் ஒருவரிடம் போத்தல் கழுவி, லேபிள் படித்தே இங்கிலீஷ் பழகியவன் நான். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஜனங்கள் தங்கள் நோயைச் சொல்லும் அழகை மட்டும் எந்த லேபிளும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. "நெஞ்சுக்குள்ள யாரோ ஈர விறகு எரிக்கிறாங்கய்யா" என்பாள் ஒருத்தி. அதற்குமேல் குழாய் வைத்துக் கேட்க என்ன இருக்கிறது? அன்றும் வழக்கம்போலக் கேட்டேன்:

"என்னப்பா செய்யுதாம்?"

"வெள்ளையம்மாவுக்கு மூக்குல மழை பேயுதுங்க. ராவெல்லாம் மூச்சு கிர்ருகிர்ருன்னு ஆட்டுக்கல் சுத்துது."

1. மிஸ்ஸியம்மா விட்டுப்போனது

துரையின் மகள், ஏழு வயசுப் பிள்ளை, சீமையில் படிக்கக் கப்பலேறியபோது இந்த எலியைப் பெட்டியோடு வீரமுத்துவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. துரைசாணியும் கூடப் போய்விட்டார். "நான் வந்து கேப்பேன், நீதான் குடுக்கணும்" என்று அது தமிழிலேயே சொன்னதாம். அதை வீரமுத்து தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தான். சீமைக்குப் போன துரைப்பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகுதான் திரும்பும், சிலது திரும்புவதேயில்லை. இதை நானும் சொல்லவில்லை, வேறு யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் அதை வளர்த்த விதம் பார்க்கவேண்டியது. குதிரைக்கு வைக்கும் கொள்ளில் நாலு மணி அவித்து, தன் வாயிலேயே மென்று, உதட்டு நுனியில் வைத்துக்கொண்டு குனிவான். எலி முன்கால் இரண்டையும் அவன் மீசையில் ஊன்றிக்கொண்டு எடுத்துத் தின்னும். லாயத்துப் பக்கம் போகிற பெண்கள், "என்னா மச்சான், பொண்டாட்டிக்குச் சோறு ஊட்டி முடிஞ்சுதா?" என்று கேலி செய்வார்கள். "நீ ஊட்டுனா நானும் தின்பேன், யாரு ஊட்டுறா?" என்பான் அவன்.

அப்போது கொழும்பில் பிளேக் என்று பேச்சு. எலி என்ற சொல்லைக் கேட்டாலே துரைமார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியதுரை பங்களாவில் தங்க வருவதாக இருந்தது. எங்கள் துரை லாயத்துக்கே வந்து சொல்லிவிட்டார்: "வீரமுத்து, வெள்ளிக்கிழமை இந்த எலி தும்முற சத்தம் கேக்கக் கூடாது. கேட்டா நாய்க்குப் போடு. மிஸ்ஸிக்கு நான் சொல்லிக்கிறேன்."

அதனால்தான் அவன் என் வாசலுக்கு வந்தான்.

2. காலில் தடவும் முறை

டிஸ்பென்சரியில் எலிக்கென்று மருந்து ஏது? குளிருக்கும் காய்ச்சலுக்கும் தோட்டத்தில் எல்லோருக்கும் கொடுப்பது கொய்னா என்கிற குயினின் தூள்தான். ஊசிமுனையில் ஒட்டுகிற அளவு எடுத்து, வெண்ணெயில் குழைத்தேன். எலி தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. முன்காலில் எதைத் தடவினாலும் நக்காமல் விடாது. பூனைக்கு மருந்து கொடுக்க ஒருவர் இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

"துண்டில சுத்தி, தலையும் முன்காலும் மட்டும் வெளியே தெரியிற மாதிரிப் பிடி. தடவிட்டு விட்டுடு. அதுவே நக்கிக்கும்."

அப்படியே செய்தான். எலி கத்தியது, கத்திக்கொண்டே நக்கியது. முகம் முழுக்கச் சுருங்கிப்போயிற்று. இரண்டு நாளில் தும்மல் பாதி குறைந்தது. மருந்து வேலை செய்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். வீரமுத்து சந்தோஷப்படவில்லை.

"அய்யா, துண்டை எடுத்தாலே மூலைக்கு ஓடிருது. என்னயப் பாத்து ஓடுதுங்கய்யா."

"ஓடட்டும்பா. உடம்பு தேறினாப் போதாதா?"

"தேறி யாருக்கு? மிஸ்ஸியம்மா வந்து கேக்கும். என் கைக்கு வராத எலிய நான் எப்படி அது கையில குடுக்குறது?"

நான் சிரித்துவிட்டு மிக்ஸ்சர் கலக்கப் போனேன். உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டிய நேரம் அது.

3. உதட்டில் வைத்த கொள்ளு

அடுத்த நாள் அவன் செய்ததை அவனே பிறகு சொன்னான். துண்டும் வேண்டாம், கத்தலும் வேண்டாம் என்று நினைத்து, கொய்னாவைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கொள்ளோடு சேர்த்து மென்றிருக்கிறான். அந்தக் கசப்பு ஒரு பெரிய ஆளையே குமட்ட வைக்கும். முகத்தைச் சுளித்தால் எலிக்குத் தெரிந்துவிடும் என்று கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறான்.

எலி வந்தது. மீசையில் கால் ஊன்றி, வாங்கிக் கடித்தது. கடித்ததும் அப்படியே நின்றது. வாயைப் பெட்டியில் விரித்திருந்த சாக்கில் தேய்த்தது. பிறகு திரும்பிப் பெட்டியின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

அன்று மாலை நல்ல கொள்ளு மென்று கொடுத்தான். வரவில்லை. வெல்லம் வைத்தான், தேங்காய்க் கீற்று வைத்தான். அவன் விரல் வாசம் பட்ட எதையும் அது தொடவில்லை. மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, நான் போய்ப் பார்த்தபோது விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. தும்மல் நின்றுவிட்டது, உயிர்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"காலத் தொட்டுக் கசப்பு தடவுனப்ப பயந்துச்சு," என்றான் வீரமுத்து. "பயந்தாலும் சோத்துக்கு வந்துச்சுங்க. இப்ப சோத்தையே நம்ப மாட்டேங்குது. நான்தானுங்க கெடுத்தேன்."

பங்களாக் குசினியில் சமைக்கும் அந்தோணி வேடிக்கை பார்க்க வந்தவர், பாலில் ஊறிய ரொட்டித் துண்டை விரலில் எடுத்துச் சும்மா நீட்டினார். எலி மூக்கை ஆட்டியது. மெல்ல நகர்ந்து வந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது.

"அட, தின்னுதுண்ணே," என்றார் அந்தோணி. பிறகு வீரமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு இதைச் சொல்லவே எழுதுகிறேன். மருந்து இறங்காத பிள்ளைக்குக் கஞ்சியில் கலந்து கொடு என்று தாய்மாரிடம் சொல்லுவது எல்லா டிஸ்பென்சரியிலும் வழக்கம். சொல்லாதீர்கள். பிள்ளை கஞ்சியையும் விட்டுவிடும், ஊட்டுகிற கையையும் விட்டுவிடும். கசப்பைக் கசப்பு என்று சொல்லியே கொடுங்கள். முடிந்தால் பெற்றவள் கஞ்சியை ஊட்டட்டும், மருந்தை அப்பனோ லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவளோ ஊற்றட்டும். லயத்தில் நான் அப்படிச் செய்யச் சொன்ன பிறகு பால்குடிப் பிள்ளைகள் மருந்துக்கு அழுததுண்டு. தாயைக் கண்டு ஒரு பிள்ளையும் அழவில்லை. எனக்கு இது தெரிவதற்கு வீரமுத்துவுக்கு ஆன செலவுதான் இன்றைக்கும் மனசை அறுக்கிறது.

எலியின் மூச்சில் இன்னும் கொஞ்சம் இரைச்சல் இருந்ததால், மருந்தை இன்னும் சில நாள் நிறுத்தக்கூடாது என்றேன். அந்தோணி, "சோறு, மருந்து ரெண்டையும் நானே குடுத்துர்றேங்கய்யா" என்றார்.

வீரமுத்து தலையை ஆட்டினான். "வேணாம் தம்பி. கால்ல தடவுறது என் வேலையாவே இருக்கட்டும். ஏற்கெனவே என்னயப் பிடிக்காது, இன்னும் கொஞ்சம் பிடிக்காமப் போகட்டும். நீ சோறு மட்டும் குடு. காதுக்குப் பின்னால சொறிஞ்சா கண்ண மூடிக்கும், அதையும் செய்."

அப்போதே துண்டில் சுற்றிப் பிடித்து வெண்ணெயைத் தடவினான். எலி அவன் விரலைக் கடித்தது. கடிக்க விட்டான். பிறகு அதைப் பெட்டியில் இறக்கி, பெட்டியை அந்தோணியின் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, தான் அங்கே இருக்கும்வரை, இப்போது மிரண்டிருக்கும் அது சாப்பிட வராது என்று லாயத்துக்கு வெளியே போய், சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.