மாப்பிள்ளை பார்த்த மிரர்

என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. ஆங்கில வார்த்தை ஒன்று காதில் விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லி முடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் மும்பை மாதுங்காவில் தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த வீட்டுப் பிள்ளை. நான் தாராவியில் பிறந்த திருநெல்வேலிக்காரி. எங்கள் வீட்டில் வார்த்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவியில் பழைய பீரோக்களைப் பிரித்து விற்கும் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கினோம். தேக்குச் சட்டம், நல்ல கனம். எந்த டாக்ஸிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. "நம்மாத்துக்கு இங்கேர்ந்து மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள்தானே, நடந்துடலாம்" என்றார் இவர். முன்பக்கம் அவரும் பின்பக்கம் நானுமாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

பத்தடி போகவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"மிரர்னா என்ன அர்த்தம் தெரியுமோ? லத்தீன்ல வியந்து பார்க்கறதுன்னு ஒரு சொல். அது பிரெஞ்சுக்குப் போய், அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தது. மிராக்கிள், அட்மையர் எல்லாம் அதே வேர்தான்."

"வியக்கதெல்லாம் பொறவு. மொதல்ல ஒங்க பக்கத்தத் தூக்குங்க, தரையில இடிக்கி."

"தமிழ்ல பாரேன், ஆடின்னாலே கண்ணாடிதான். கண்ணோட சேர்ந்து கண்ணாடி ஆச்சு."

"அப்பிடின்னா ஆடித் தள்ளுபடில வாங்கிருக்கலாம்லா?"

அவர் சிரிக்கவில்லை. வேர்ச்சொல் விஷயத்தில் அவருக்கு விளையாட்டுப் பிடிக்காது.

ஆனால் தெரு அவர் பக்கம்தான் இருந்தது. கண்ணாடி தெருவைப் பார்த்தபடி போனதால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவன் சீப்பை எடுத்து, தலை வாரிக்கொண்டே எங்களோடு பக்கவாட்டில் நடந்து வந்தான். தக்காளி வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏட்டி, ஒரு நிமிசம் நில்லு" என்று என்னை அதட்டி நிறுத்தி, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நன்றி என்று ஒரு சொல் சொல்லாமல் பேரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

கை கடுத்துப்போய் ஒரு சந்தின் நடுவில் இறக்கி வைத்தோம். உடனே பின்னால் ஹாரன். பூ அலங்காரம் செய்த கார். அதற்குப் பின்னால் பாண்டு வாத்தியக்காரர்களும் சீர்வரிசை ஏற்றிய டெம்போவும். மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கி வந்தார்.

"யம்மா, ஓரமாப் போங்க! முகூர்த்தம் போகுதுல்லா? நடுத்தெருவுல வச்சிக்கிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டார். கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துப் போட்டார். பிறகு காரைப் பார்த்து, "ஏல, எறங்கி வால! தலப்பா கோணிக்கிட்டு நிக்கி பாரு!" என்று கத்தினார்.

மாப்பிள்ளை இறங்கி வந்தான். கோட்டு, தலைப்பாகை, கழுத்தில் மாலை. தன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகம் வெளிறிப்போனது. என் கணவர் இப்படியொரு சந்தர்ப்பத்தை விடுவாரா?

"தம்பி, மிரர்ங்கிற வார்த்தைக்கே வியந்து பார்க்கறதுன்னுதான் அர்த்தம்."

மாப்பிள்ளை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "பயந்து பாக்கதும் அதுல சேருமா அண்ணே?"

இவர் லத்தீனை அங்கேயே விட்டுவிட்டு, "என் கல்யாணத்தன்னிக்கு நானும் அப்படித்தான் பார்த்தேன்" என்றார். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. பக்கத்தில் நான் நிற்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

அந்த அம்மா எங்களை விடவில்லை. மண்டபமும் மாதுங்காவில்தானாம். கண்ணாடியை டெம்போவில் அண்டாக்களுக்கு நடுவே நிறுத்தி, எங்களையும் ஏற்றிவிட்டார். பாண்டு வாசிக்க ஊர்வலமாகப் போனோம். மண்டப வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்ததுதான் தாமதம், மொத்தச் சொந்தமும் அதன் முன் வரிசை கட்டியது. மேடையில் ஆளில்லாமல் போட்டோக்காரர் மைக்கில் கெஞ்சினார். "பொண்ணு வீட்டுக்காரங்களாவது மேல வாங்க!"

தாலி கட்டி முடிந்ததும் எங்களுக்கு முதல் பந்தியில் இடம். அடைப்பிரதமன் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்த என் கணவரிடம் பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"கண்ணாடி வீடு" என்றார் இவர். அவர் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, அப்பளம் கேட்கத் திரும்பினார்.