நாலு கதவுக்கு ஒரு கைப்பிடி

வெயிலில் நின்ற காரின் ரெக்சின் சீட்டிலிருந்து கிளம்பும் சூட்டு வாடையும் பெட்ரோல் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு நாக்கின் நுனியில் இரும்பு ருசி வந்துவிடுகிறது. கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடியை, சும்மா இருக்கும் நேரமெல்லாம் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு வளர்ந்தவள் நான். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், பாதி விஷயம் மறந்தும் போய்விட்டது. சொல்வது முன்னும் பின்னுமாகப் போனால் நீங்களே ஒழுங்கு பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அய்யா, அதாவது அப்பா, இலுப்பூரில் ஒரு கடலை மண்டிக்காரருடைய கறுப்புக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அது எங்களுக்கு முன்னாலேயே பிறந்த கார். கதவுகளின் உள்பக்கம் கண்ணாடி சுற்றும் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், பல்பல்லாக வெட்டிய ஒரு இரும்பு முளை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று கைப்பிடிகள் எந்தக் காலத்திலோ உடைந்தும் தொலைந்தும் போக, மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்கும் திருகாணி கிடையாது. எந்தக் கண்ணாடியை இறக்க வேண்டுமோ அந்த முளையில் கொண்டுபோய்ச் சொருகி, சுற்றி, மறுபடியும் உருவிக்கொள்ள வேண்டும். அதை ஏறுகிறவர்கள் கையில் கொடுத்தால், கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் மடியில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள் என்று அய்யாவுக்குப் பயம். அதனால் முகூர்த்த நாட்களில், அதுவும் பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கும் வைகாசி மாதத்தில், குடும்பத்தோடு வருகிற சவாரி என்றால் மட்டும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். அந்தப் பிள்ளையின் வேலை கைப்பிடியைக் காப்பது. எங்கள் தெருவில் அதற்கு “கண்ணாடிக்காரி” என்று பேர்.

முதல் கண்ணாடிக்காரி நான் இல்லை. என் அக்கா பொன்னழகு.

அக்கா அந்த வேலையை அப்படி அனுபவித்துச் செய்வாள். சீட்டில் முட்டி போட்டு நின்று பின்பக்கம் எட்டிச் சாய்ந்து, “பெரியவங்களே, கால நகட்டுங்க” என்று அதிகாரமாகச் சொல்லிச் சுற்றுவாள். மழை தூறினால் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவாளாம். எந்த முளை வழுக்கும், எது பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம். இடது பக்கப் பின் கதவில் மட்டும் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கக்கூடாது. இறக்கினால் அது தடக்கென்று கதவுக்குள் விழுந்துவிடும், அப்புறம் கதவைப் பிரித்தால்தான் எடுக்க முடியும். ஊருக்கெல்லாம் சவாரி போய் வந்து அவள் கதை சொல்லும்போது, தண்ணிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நான் வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். சித்தன்னவாசலுக்குப் போய் வந்த அன்று, “மலை பெருசா இருந்துச்சாக்கா?” என்று கேட்டேன். “மலைய யாருடி பாத்தா, நான் கண்ணாடியில்ல பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள்.

ஒரு வைகாசியில், சீசன் பாதி ஓடிக்கொண்டிருந்தபோதே, அக்கா பெரியமனுஷி ஆகிவிட்டாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கொல்லையில் பச்சைத் தென்னங்கீற்றால் மாமன் குச்சு கட்டிக்கொடுக்க, அதற்குள் தனித் தட்டும் தனிச் செம்புமாக அவளை உட்காரவைத்தார்கள். அந்த நாட்களில் அவள் தொட்ட பொருளை மற்றவர்கள் அப்படியே கையில் வாங்கக்கூடாது. மறுநாள் காலையில் சவாரி வாசலில் நிற்கிறது, அய்யா கைப்பிடியைத் தேடுகிறார், காணோம். அது அக்காவின் பாவாடை நாடாவில் செருகியபடியே குச்சுக்குள் போயிருந்தது.

அய்யா குச்சுப் பக்கம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபடி, “கைப்பிடியக் குடுக்கச் சொல்லு. இனிமே சின்னவ வரட்டும்” என்றார். எங்கள் ஆத்தா, “வயசுக்கு வந்த புள்ளைய முன் சீட்டுல வச்சுக்கிட்டுப் போனா ஊரு வாய மூட முடியுமா” என்று யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் பதில் சொன்னாள். அக்கா கைப்பிடியை எடுத்துத் தரையில் வைத்து, விரலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். ஆத்தா அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகு நான் எடுத்தேன். இரும்பு ஈரமாக இருந்தது, மஞ்சள் மணத்தது.

“பின்கதவ முழுக்க எறக்கிறாதடி, உள்ள விழுந்துரும்” என்று குச்சுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

நான் ஒரு பிசகும் செய்யவில்லை. சின்னப் பிள்ளை, எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். ஆனால் ஓடிப்போய்க் காரில் ஏறும்போது என் நெஞ்சு நிறையச் சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை.

அக்காவை மணமேல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து அய்யாவின் காரிலேயேதான் அவளை அழைத்துக்கொண்டு போனோம். அக்கா பின் சீட்டில் நடுவில், மாலையும் பட்டுமாக. வலது பக்கம் அத்தான், இடது பக்கம் அவருடைய அத்தை ஒருத்தி. முன்னால் கண்ணாடிக்காரியாக நான். “புதுப்பொண்ண ஆளாளுக்கு எட்டிப் பாப்பாங்க, கண்ணு படும், ஏத்து ஏத்து” என்று ஊர் தாண்டும்வரை எல்லாக் கண்ணாடியையும் ஏற்றவைத்த அந்த அம்மாள், அறந்தாங்கி தாண்டியதும், “அவிஞ்சு போச்சு, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் எறக்கு பாப்பா” என்றார். நான் எட்டிச் சாய்ந்து முளையில் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற, அது அசையவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினேன். அப்போது குனிந்த தலை நிமிராமல், உதட்டை அசைத்தும் அசைக்காமலும் அக்கா சொன்னாள்: “அங்கிட்டு இல்லடி, இங்கிட்டு.” சொல்லும்போது, மருதாணி போட்ட அவளுடைய வலது கை மடியில் கிடந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றியது. வேறு யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி இறங்கிற்று, கடல் காற்று வந்தது, அத்தைக்காரி “அப்பாடா” என்றார். திரும்பும்போது பின் சீட்டில் யாரும் இல்லை. நான் ஒரு கண்ணாடியையும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அதற்கப்புறம் காலம் ஓடிவிட்டது. நானும் வயசுக்கு வந்தேன், என்னையும் முன் சீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். மண்டிக்காரர் காரை விற்றார். அய்யாவும் போய்ச்சேர்ந்தார். அக்கா மணமேல்குடியில் பஸ் ஏறி இறங்கியே பேரன் பேத்தி எடுத்தாள்.

இப்போது என்னை இலுப்பூரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவன் என் மகன் செந்தில். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினான். நான் அதில் முதலில் பார்த்தது கதவைத்தான். நாலு கதவிலும் நாலு கைப்பிடி, திருகாணியோடு. அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“நாலு கதவுலயுமாடி?” என்றாள்.

“ஆமாக்கா. நீ எந்தப் பக்கம் ஒக்காந்தாலும் ஒனக்கு ஒன்னு இருக்கு.”

“எனக்கு முன் சீட்டுத்தான் வேணும். சொல்லிட்டேன். ஒன்னையத் தூக்கிப் பின்னாடி போட்டுருவேன்.” சிரித்து இருமலே வந்துவிட்டது அவளுக்கு. “வாரேன்டி. கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்லிக்கிட்டிருக்காங்க, புதுக்கோட்டைக்குத்தான் வரணும். அப்ப ஒம் மகனயே வரச்சொல்லு.”

இதை நான் செந்திலிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கிழவிகளின் விளையாட்டுப் பேச்சு, இதைப் போய் என்னவென்று சொல்வது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அதற்குள் ஒரு நாள் நல்ல மழையில் வரும்போது, மணிக்கட்டு வாதத்தால் என் பக்கத்துக் கண்ணாடியை என்னால் ஏற்ற முடியவில்லை. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறான், நான் வாய் திறக்காமல் நனைந்துகொண்டே வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் சேலை பாதி ஈரம். “சொல்ல மாட்டியாம்மா?” என்று ஒரு அதட்டுப் போட்டான். ஆனால் அவன் முகம் வாடிவிட்டது.

அடுத்த வாரமே புதுக்கோட்டையில் ஒரு பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மோட்டார் வைத்து, பட்டன் வைத்து, ரிமோட்டும் வைக்கப்போகிறானாம். “இனிமே ஒனக்குக் கையே வலிக்காதும்மா, ஒரு வெரலு போதும்” என்றான். பட்டறைக்காரர் ஒவ்வொரு கதவாகப் போய்க் கைப்பிடியைக் கழற்றித் தகரத் தட்டில் போட, டண் டண்ணென்று விழுந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அந்த முன் கதவை மட்டும் விட்டுவிடுங்கள், எங்க அக்கா வரப்போகிறாள்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும்? சொன்னால் மகன் ஆசையாகச் செய்வதைக் குறை சொன்னதாகிவிடுமோ என்றிருந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், கை வலிக்காமல் கண்ணாடி இறங்குவது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மறுபடியும் அதே சந்தோஷம்.

“பழச என்னங்கம்மா செய்ய, எடைக்குப் போட்டுரவா?” என்று பட்டறைக்காரர் கேட்டார். ஒன்றை மட்டும் எடுத்து என் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். “அது எதுக்கும்மா?” என்றான் செந்தில். “கெடக்கட்டும்டா” என்றேன்.

போன மாதம் அக்காவை அழைத்துவரப் போனோம். அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “பெரியம்மாவுக்குக் காமிம்மா” என்று ரிமோட்டை என் கையில் கொடுத்தான் மகன். அமுக்கினேன். ஆளில்லாத காரில் நாலு கண்ணாடியும் ஒன்றாக “ங்ங்ங்” என்று இறங்கின. அக்காவுக்குக் கண் மங்கல், சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

“உள்ள யாருடி இருக்கா?”

“யாரும் இல்லக்கா.”

“பின்ன எறக்குறது யாரு?” என்றவள், உடனே, “போதும் போதும், முழுக்க எறக்காத, உள்ள விழுந்துரும்!” என்று பதறினாள்.

செந்தில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன் சீட்டில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் ஏறினேன். கார் கிளம்பியது. அவள் கை கதவின் உள்பக்கத்தில் மெதுவாகத் தடவிக்கொண்டு போனது. மேலே, கீழே, மறுபடியும் மேலே. முளை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு மூடி ஒட்டியிருந்தார்கள், அதில் விரல் பட்டு நின்றுவிட்டது.

“எங்கடி?” என்றாள்.

“எடுத்துட்டாங்கக்கா. எனக்குக் கை வலிக்குதுன்னு...”

விரலை அந்த மூடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: “அன்னைக்கும் ஒனக்குத்தான். இன்னைக்கும் ஒனக்குத்தானாடி?” கேலியாகத்தான் சொன்னாள். கேலியாகச் சொன்னதால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மஞ்சள் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து, சீட்டுக்கு மேலாக எட்டி, அவள் கையிலேயே கொடுத்தேன். விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, “கதவு எங்கடி இதுக்கு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டு, மடியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். “பெரியம்மா, கண்ணாடிய எறக்கவா?” என்று செந்தில் பட்டனில் கை வைக்கப் போக, “நீ ரோட்டப் பாரு ராசா, நான் எறக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். அவன் என்ன புரிந்துகொண்டானோ, அவள் சுற்றும் வேகத்துக்குத் தகுந்தாற்போல் விட்டுவிட்டு அமுக்கினான். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. கால்வாசி மிச்சம் இருக்கும்போது அக்கா கையை நிறுத்தினாள். அவனும் நிறுத்திவிட்டான்.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்து, இப்போது எங்கள் வீட்டில்தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கைப்பிடி அவள் தலையணைக்குக் கீழே. கார் கதவில் அது இருந்த இடத்தை மூடி போட்டு அடைத்தாயிற்று, ரிமோட் என் முந்தானையில் முடிந்திருக்கிறது. அக்காவைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதினேன். ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. அந்தக் காலத்துக் கறுப்புக் காரில், இடது பக்கப் பின் கதவுக் கண்ணாடி இறங்க வேண்டுமென்றால், கைப்பிடியை வண்டியின் முன்பக்கமாகத் தள்ளிச் சுற்ற வேண்டும் என்று நான் சொல்கிறேன். பின்பக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும் என்று அக்கா சொல்கிறாள். அவளைவிட அதிக நாள் அந்தக் கைப்பிடியை வைத்திருந்தவள் நான். ஆனாலும் அப்படிப்பட்ட பழைய கார் யாரிடமாவது இருந்தால், கொஞ்சம் சுற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னது தப்பு என்று வந்தால், தயங்காமல் திருத்திவிடுங்கள்.