என் குணமும் டாக்டர் சொன்ன குணமும்

புற்றுநோய் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, தூங்கி எழுந்தாலும் தூங்கினது போலில்லை, பாயை விட்டு எழுவது சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை, தைராய்டு, ஸ்கேன், எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அப்படியென்றால் இது என்ன? பேரில்லாத ஒன்றோடா இத்தனை காலம் ஒரே வீட்டில் குடியிருந்தேன்?

மாடிக்குப் போகச் சொன்னார்கள். கதவில் மனநலப் பிரிவு என்று எழுதியிருந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டேன். எங்கள் பாகூர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும், எனக்குப் பைத்தியம் என்ற சேதி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். எங்கள் கரும்பை வெட்ட வருகிறவர்கள் வரைக்கும் போகும்.

டாக்டர் சின்னப் பெண். "எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாலா, மகன் பிறப்பதற்கு முன்னாலா, பின்னால் போகப்போக அங்கேயும் அதே மங்கல். வெயிலும் அடிக்காத, மழையும் இறங்காத மத்தியானம் மாதிரி. விழுந்து புரண்டு அழுத நாள் ஒன்றுமில்லை. சோறு வடித்தேன், மாடு கறந்தேன், கல்யாணங்களில் சிரித்தேன், கவிதைகூட எழுதினேன்.

எனக்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சொன்னார். "இவ கொணமே அப்படித்தாம்மா. கல்யாணத்தன்னிக்கே எங்க அக்கா கேட்டுச்சு, இன்னாடா, பொண்ணு எழவு வூட்லேர்ந்து நேரா மணவறைக்கு வந்தாப்புல குந்தினு இருக்குதுன்னு."

டாக்டர் என்னையே பார்த்தார். "சிரிக்கும்போதும் உள்ளே ஒரு சோகம் ஓடிட்டே இருக்குமா?"

ஆமாம்.

"எது செஞ்சும் என்ன ஆகப்போகுதுன்னு இருக்குமா?"

ஆமாம்.

"செத்துப்போகலாம்னு?"

சாக வேண்டும் என்றில்லை, இல்லாமல் போனால் தேவலாம் என்று. அதை நான் சொன்னபோது கணவரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"அந்த நினைப்பு கூடுச்சுன்னா உடனே வரணும், ரெண்டு பேரும்," என்றார் டாக்டர். "இது குணம் இல்லைங்க, ஒரு வகை மனச்சோர்வு. பெருசா அடிச்சுப் போடாது, விட்டும் போகாது. வருஷக்கணக்கா கூடவே இருக்கிறதால இதுதான் நாமன்னு நினைச்சுப்போம். மாத்திரை எடுத்துக்கிட்டு, இங்க வந்து பேசிக்கிட்டும் இருந்தா குணமாகும்மா."

குணமாகும். அந்தச் சொல்தான் என்னை உலுக்கியது. ஆளின் இயல்பும் குணம், நோய் தீர்வதும் குணம். இது குணமானால் என் குணம் எங்கே போகும்? மிச்சம் நிற்கப்போகிறவள் யார்? அவளுக்கு எழுத வருமா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரை அவளுக்குத் தெரியுமா? சுவரென்று இத்தனை நாள் சாய்ந்திருந்தது நோய்தான் என்றால், அதை எடுத்தபின் எதில் சாய்வேன்?

கணவர் டாக்டரிடம் கேட்டார். "ஏம்மா, கொணமாயிட்டா இவளுக்கு எங்கள புடிக்காம பூடுமா?"

"ஏன் அப்படித் தோணுது?"

"இல்ல, அந்தச் சோகத்துலதான் என்னையே கட்டிக்கிச்சோ இன்னாவோ."

அப்போதுதான் டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவரின் குரல் உலர்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் மாத்திரைக் கவர் என் மடியில் கிடந்தது. வில்லியனூர் தாண்டியதும் அவர் கேட்டார்.

"பயமா இருக்குதா?"

"ம். வேற ஆளா ஆயிடுவேனோன்னு."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "ஆனா ஆயிட்டுப் போ. நீ இல்லாம போனா தேவலாம்னு சொன்ன பாரு, எனக்கு அதுதான் பயம். வேற ஆளாவே இரு. ஆனா இரு."

மறுநாள் காலை இட்லி தின்றபின் மாத்திரையை நாக்கில் வைத்தேன். முதல் மடக்குத் தண்ணீரில் இறங்காமல் கசந்தது. அவர் அடுப்படி வாசலில் நின்று, என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு மடக்குக் குடித்தேன்.