பெரியப்பா வீடு தாண்டும் வரை

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் இந்த ஊரில் முதலில் வரும் கேள்வி, "வண்டி ரிப்பேரா?" இல்லை என்றால் அடுத்தது, "டாக்டர் சொன்னாரா?" இரண்டும் இல்லை, பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன் என்றால் ஆளை மேலும் கீழும் பார்க்கிறார்கள். போன வாரம் ஆற்றுப்பாலத்தில் ஒரு கார்க்காரர் பாலம் நெடுக என் முதுகில் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். பாலம் முடிந்ததும் கண்ணாடியை இறக்கி, "எம்மா, இது வண்டி போற பாதை" என்றார். நான் என்ன கட்டிலிலா உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது. அலுவலகத்துக்கு வந்தால் காவலாளி, சைக்கிளை வண்டிக் கொட்டகையில் விடக்கூடாது, வேப்பமரத்தடியில் விடு என்கிறார். மரம் நிறையக் காக்கா. தினமும் சாயங்காலம் சீட்டைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் சில்லறைக் கோபம். டவுன் ஆர்ச்சைத் தாண்டுவதற்குள் ஆறிவிடும். ஆறாத கோபம் ஒன்று உண்டு. அது பத்து வயதில் நான் செய்த ஒரு காரியத்தின் மேல். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள் என்பதுதான் அதில் கொடுமை.

அம்மா பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அப்பா தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் கண் விழிக்கும்போது அவர் பஸ்ஸில் பாதி வழி போயிருப்பார். என் பள்ளிக்கூடமும் பாளையங்கோட்டை என்பதால் அம்மாவின் சைக்கிள் கேரியர் எனக்குப் பாத்தியப்பட்டது. கல்யாணத்துக்கு முன்பே, முதல் மாதச் சம்பளத்தில் அம்மா வாங்கிய சைக்கிள் அது. நீலம். சேலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை போட்டிருந்தும் மாதம் ஒரு முறையாவது முந்தானை எப்படியோ செயினுக்குள் போய் மசியோடு திரும்பி வரும். மழைக்காலத்தில் ஜங்ஷன் பக்கம் பஸ்கள் எங்கள் மேல் தெளிக்காத தண்ணீர் இல்லை. கொக்கிரகுளத்தில் ஒரு நாள் டயர் வெடித்த சத்தத்துக்கு ஒரு தாத்தா காய்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடினார். அம்மா நின்று சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. கத்தரிக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டில் அம்மாவின் குரல் அடுப்பங்கரையைத் தாண்டாது. யார் என்ன சொன்னாலும், "சரி, அப்படியே செஞ்சிருவோம்." அந்த அம்மா சைக்கிளில் ஏறி ஈரடுக்குப் பாலத்தின் கீழடுக்கைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவாள். உரசிக்கொண்டு போகும் டவுன் பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, சிக்னலில் டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, "அண்ணாச்சி, ரோடு ஒங்க வீட்டுச் சொத்தா? எங்கள எங்கன போகச் சொல்லுதிய, ஆத்துக்குள்ளயா?" என்பாள். டிரைவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவார். ஆற்றுப்பாலத்தில் காற்று எதிராக அடித்தால் காற்றையும் திட்டுவாள். பாலம் தாண்டி இறக்கம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, "பிடிச்சுக்கோட்டி!" என்று கத்துவாள். அந்த இறக்கத்தில் அம்மா ஏதோ பாடுவாள். பாட்டு என்று சொல்ல முடியாது, வார்த்தை இருக்காது. அவள் முதுகில் காதை வைத்தால் எனக்குள்ளும் கேட்கும்.

இவ்வளவு வீரமும் தெரு தாண்டிய பிறகுதான். எங்கள் தெருவுக்கு வெளியே போக ஒரே வழி. முனையில் பெரியப்பா வீடு. அந்த வீட்டு மதில் தொடங்கும் இடத்தில் அம்மா சைக்கிளைவிட்டு இறங்குவாள். நானும் குதிப்பேன். முந்தானையைச் சரி செய்துகொண்டு, தலை குனிந்து, பிள்ளையார் கோயில் வரை தள்ளிக்கொண்டே நடப்பாள். கோயில் வந்ததும் ஏறுவாள். எண்ணிப் பார்த்திருக்கிறேன், நூற்றிருபது அடி. சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் நூற்றிருபது.

வீட்டுக்கு மூத்தவர் வாசலில் அந்த வீட்டு மருமகள் சைக்கிளில் உட்கார்ந்தபடி போவது மரியாதையில்லையாம். சொன்னது யார் என்று விசாரித்தேன். யாரும் சொல்லவில்லை. பெரியம்மா சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை, பெரியப்பாவும் சொல்லவில்லை. யாருமே சொல்லாத ஒன்றை எங்கள் அம்மா மட்டும் தினமும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள். அதே வாசலில் பெரியப்பா மகன், என் அண்ணன், பைக்கை உறும விட்டுக்கொண்டு போவான். அவனுக்கு மரியாதை என்ற பாடமே நடத்தப்படவில்லை போலிருக்கிறது. (இப்போது நான் மதில் தொடங்கும் இடத்திலிருந்து கோயில் வரை விடாமல் பெல் அடித்தபடி போகிறேன். "ஏட்டி, காது போகுதுட்டி!" என்று பெரியப்பா உள்ளிருந்தே கத்துவார்.)

பெரியப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! ரிட்டையரான உற்சாகத்தில் காலையிலேயே பேப்பரோடு வாசலில் நிற்பார். சைக்கிளில் போகிறவளைக் கூப்பிட முடியாது. நடந்து போகிறவளைக் கூப்பிடலாம் அல்லவா? "என்ன, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று தொடங்குவார். கரண்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதில் 'மதிப்பிற்குரிய' போடலாமா 'மரியாதைக்குரிய' போடலாமா என்பார். அம்மா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, "ரெண்டும் போடலாம் அத்தான்" என்பாள். "பையப் போலாம், ஆபீசு எங்கயும் ஓடிப் போவாது" என்பார் அவர்.

ஆபீஸ் ஓடாது. ஆனால் வருகைப் பதிவேடு ஓடிவிடும். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் கழிந்தால் சூப்பிரண்டு அதைத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் சிவப்பு மையால் சுழிப்பார். மூன்று சுழிக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போய்விடும். அந்த டிசம்பரில் அம்மாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு விடுப்பு. அதை அவள் எனக்காக வைத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி. தலைப்பு, 'பெண்ணே, நிமிர்ந்து நட'. நான் பேசும்போது முதல் வரிசையில் உட்காருவதாக அம்மா சத்தியம் செய்திருந்தாள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு சுழி விழுந்திருந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, பெரியப்பா கையில் விண்ணப்பத்தோடு நின்றார். வாக்காளர் அட்டையில் பேரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்களாம்.

"கொஞ்சம் சரி பாத்துத் தா. நகல் ஒண்ணு உள்ள கெடக்கு, இந்தா எடுத்துட்டு வாரேன்."

உள்ளே போனவர் வரவில்லை. அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது, பெரியம்மாவைத் திட்டும் சத்தம் கேட்டது. நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மா அசையவில்லை. என் புது டிஜிட்டல் கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் ஓடியது. அன்றைக்கு அம்மா பாடவில்லை, யாரையும் திட்டவில்லை. பாலத்து ஏற்றத்தை நின்றுகொண்டே மிதித்தாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மூணாவதும் விழுந்துட்டு. லீவு இல்லட்டி. நீ நல்லாப் பேசு, நான் ஆபீஸ்ல இருந்தே நெனச்சுக்கிடுதேன்."

நினைத்துக்கொள்வதா! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அப்பாவும் வேலை முடிந்து வந்து அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கைவசம் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் பேச்சு. கூடத்தின் நடுவில் நின்று, கையை உயர்த்தி, தொடங்கினேன். "பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களே! ஆகாயத்தில் பெண் பறக்கும் இந்தக் காலத்தில், தங்கள் வாசலில் மட்டும் ஒரு பெண் இறங்கி நடப்பது எந்த வகையில் நியாயம்?" நூற்றிருபது அடி, இரண்டு வேளை, மூன்று சிவப்புச் சுழி, போய்விட்ட விடுப்பு என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அப்பா காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என்னைத் தேடி வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

நான் முடித்ததும் பெரியப்பா எழுந்து என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் எறங்கச் சொன்னேனாட்டி? என்னைக்காவது சொல்லிருக்கனா?" என்று என்னைக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "இத்தன வருசமா எனக்குத் தோணவே இல்ல பாரு. நம்ம வீட்டுப் புள்ள இப்படி ரோட்டுல மிதிச்சுக்கிட்டுப் போயி, கண்டவன்ட்ட செவப்பு மை வாங்கணுமா? இனிமே நீ எறங்க வேண்டாம்மா."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். பெரியப்பா முடிக்கவில்லை.

"சைக்கிளே வேண்டாம்ங்கேன். ஏலே, நீ பாளையங்கோட்டைக்குத்தான போற? நாளையில இருந்து சித்தியையும் பாப்பாவையும் பைக்குல கொண்டு விட்டுட்டுப் போ. நேரத்துக்குப் போயிரணும், சொல்லிட்டேன்."

அப்பா, "அதுவும் சரிதான்" என்றார். பெரியம்மா, நான் பெரிய வக்கீலாக வருவேன் என்று சொல்லி முறுக்கு கொடுத்தாள். அம்மா வாசற்படியில் நின்றபடி, "சரி அத்தான், அப்படியே செஞ்சிருவோம்" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் பேசினாள்.

"அந்த நூத்திருவது அடியையும் நான்தான நடந்தேன்? ஒனக்கு எங்கன வலிச்சுது?"

"ஒனக்காகத்தானம்மா பேசினேன்!"

"வேலைக்கு எதுக்குன்னு இந்த வீட்ல ஒருத்தராவது கேட்டுருக்காவளா? சைக்கிள் எதுக்குன்னு கேட்டுருக்காவளா? ஏன் கேக்கல? எல்லாருக்கும் நான் அங்கன நடந்தே பதில் சொல்லிட்டுல்லா போனேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்காக ஊர்ச் சண்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெயித்து வந்தால், நன்றி சொல்லாமல் நம்மையே குறை சொல்கிறாளே என்று ஆத்திரம்தான் வந்தது. அன்று ராத்திரி அவளோடு பேசவே இல்லை.

மறுநாள் முதல் அண்ணனின் பைக். நான் பெட்ரோல் டாங்க் மேல், அம்மா பின்னால் ஒருக்களித்து, மடியில் சாப்பாட்டுப் பை. பெரியப்பா வாசலிலேயே நின்று ஏற்றிவிடுவார். கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். ஈரடுக்குப் பாலத்தின் மேலடுக்கில் போனோம். பஸ் தெளித்த தண்ணீர் இல்லை, செயின் மசி இல்லை. அலுவலகம் திறப்பதற்கு முன்பே அம்மா வாசலில் நின்றாள். ஒரு வாரம் இப்படி வருவதைப் பார்த்து மனமிரங்கிய சூப்பிரண்டு, போட்டியன்று இரண்டு மணி நேரம் வெளியே போக அனுமதி கொடுத்தார். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் முதல் பரிசு வாங்கினேன். 'எங்கள் வீட்டிலேயே ஒரு கொடுமை இருந்தது; அதை நான் ஒழித்தேன்' என்று பேச்சில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அம்மாவும் தட்டினாள்.

சைக்கிள் எதற்குச் சும்மா நிற்க வேண்டும் என்று பெரியப்பா வீட்டுப் பின்கட்டுக்குப் போனது. கேஸ் சிலிண்டர் எடுத்துவர வசதியாக வலையைக் கழற்றிவிட்டார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் ஆற்றுப்பாலத்தில் டவுன் பஸ் ஒன்று பைக்கை ஒதுக்கி, கைப்பிடிச் சுவரோடு நெருக்கியது. அண்ணன் தடுமாறிக் காலை ஊன்றினான். நான் உற்சாகமாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். இப்போது அந்த டிரைவருக்குக் கிடைக்கப்போகிறது என்று. அம்மா சேலையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. பாலம் தாண்டி இறக்கம் வந்தது. பைக்குக்கு இறக்கமும் ஒன்றுதான், மேடும் ஒன்றுதான்.

அன்றைக்கு வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். "எங்கம்மாக்கு இப்பல்லாம் கோவமே வாரதில்ல, தெரியுமா?"