நான் கொட்டிய டின் பால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செம்பனைத் தோட்டத்தின் வழியாக ஜாசின் டவுனுக்குப் போகும் சாலை. என் கணவர் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அரசாங்க கிளினிக்கில் அன்று அவருக்கு ரத்தப் பரிசோதனை.

அவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் நான்தான் போலீஸ். அன்றைக்கே அலமாரியில் இருந்த டின் பாலை, அந்தக் கெட்டியான சீனிப் பாலைத் திறந்து, அவர் கண்ணெதிரிலேயே சிங்கில் கொட்டினேன். லாரி ஓட்டுகிற மனிதர். காலையில் அந்தப் பாலை ஊற்றி நுரைக்க ஆற்றிய தே தாரேக் ஒரு கிளாஸ் குடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அவர் பால் வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோற்றை நானே அளந்து போட்டேன். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்க அவர் இலையிலிருந்து பாயசக் கப்பை எடுத்துத் தள்ளி வைத்தேன். நான் வேலை செய்யும் பள்ளிக் கேன்டீனில் மட்டும் பத்து மணிக்கு எனக்கு டின் பால் போட்ட தே ஒன்று உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்கு உறுத்தியதே இல்லை. வியாதி அவருக்குத்தானே என்று இருந்துவிட்டேன்.

கிளினிக்கில் சீனி அளவு எழுதிக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தைப் பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டு மாதிரிதான் பார்ப்பேன். போன தடவை அளவு ஏறியிருந்தது. அங்கே இருந்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், என்னைப் பார்த்து, "வீட்டுல கொஞ்சம் கவனிங்கம்மா" என்றார். எனக்கு மானமே போய்விட்டது. அதனால் இந்த முறை மூன்று நாளாக அவருக்கு அரை வயிறுதான். முந்தின நாள் சாயங்காலம் வெறும் கீரை.

சாப்பிடாமல் வர வேண்டும், ரத்தம் எடுத்து, காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் மாத்திரை என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எனக்குத்தான் அதிபுத்திசாலித்தனம். மாத்திரையும் போட்டால் அளவு இன்னும் கொஞ்சம் இறங்குமே என்று எடுத்து நீட்டினேன்.

"மிஸ்ஸி வேணான்னு சொன்னாங்களே லா."

"எனக்குத் தெரியும், போடுங்க."

போட்டுக்கொண்டார். விளக்கேற்றி, துணி காயப்போட்டு நாங்கள் கிளம்ப எட்டு மணியாகிவிட்டது.

பாதி வழியில் மோட்டார் ஆட ஆரம்பித்தது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று அவர் தோளைத் தட்டினேன். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. அதற்குள் மோட்டார் ரோட்டை விட்டு இறங்கி, புல்லில் ஓடி, பெரிய லோங்காங் ஓரத்தில் நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் இரண்டு பேரும் அந்தச் சாக்கடைக்குள்தான். இறங்கிப் பார்க்கிறேன், முகம் வெளுத்து, கையெல்லாம் நடுங்க, என்னை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டதற்கு என்னவோ உளறினார்.

எதிரே மரத்தடியில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் என்போம், ஓடி வந்தார். என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தலையாட்டினேன். உடனே திரும்ப ஓடி, ஒரு கிளாசில் டின் பாலை ஊற்றி, சீனியும் போட்டு, வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தேன். வேண்டாம் மக்சிக், இவர் இனிப்பே தொடக்கூடாது என்று கத்தினேன்.

"என் புருஷனுக்கும் இதே வியாதிதான். இவருக்குச் சீனி இறங்கிப் போச்சு. கைய விடு" என்று மலாயில் ஒரு அதட்டல் போட்டார். விட்டேன்.

அந்த அம்மா தாங்கிப் பிடித்துக்கொள்ள, என் கணவர் மடக்கு மடக்காகக் குடித்தார். பத்து நிமிடம் இருக்கும். மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீ விழுந்திட்டியா? எங்கயும் அடி பட்டுச்சா?" என்றார்.

அந்த அம்மா ஒரு பன்னையும் சாப்பிட வைத்து, போன் போட்டுத் தன் கணவரைக் காரோடு வரச் சொல்லி, எங்களைக் கிளினிக்குக்கு அனுப்பி வைத்தார். காரில் கியருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மிட்டாய். உங்களுக்கும் இனிப்பு நீர்தானே, இது எதற்கு என்று கேட்டேன். "பொண்டாட்டி வச்சது. இப்படி ஆனா வாயில போட்டுக்கணும்னு" என்றார். கிளினிக் வரும்வரை அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை யார் கொடுத்தது என்று மிஸ்ஸி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் மிஸ்ஸி, பழக்கதோஷத்துல போட்டுட்டேன்" என்றார் இவர். எனக்கு விழ வேண்டிய திட்டை எல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

"அழாத லா. நீ வேணும்னேவா குடுத்த?"

அப்புறம் அவரே சொன்னார். "ஒன்னு சொல்லட்டா? வாரத்துல ரெண்டு மூணு நாள் ஏதாவது ஒரு கடையில திருட்டுத்தனமா தே குடிச்சிருக்கேன். ஒளிஞ்சி ஒளிஞ்சி குடிக்கிறப்ப ருசியே இல்ல."

கேன்டீனில் நான் குடிக்கும் தேயைப் பற்றி நானும் அப்போதுதான் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது, மாத்திரை கொடுத்தது நான்தான் என்று மிஸ்ஸியிடம் ஒப்புக்கொண்டேன். அப்புறம் என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். இப்போது எனக்கும் அதே அளவு சோறுதான். சாயங்காலம் இரண்டு பேரும் திடல் வரை நடக்கிறோம். தினமும் தே கோசோங், சீனியும் இல்லை, பாலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த மக்சிக் கடையில் அரைக் கரண்டி டின் பால் விட்ட தே ஒன்று, பாதி அவருக்கு, பாதி எனக்கு. புத்தகத்தில் அளவு இறங்கிக்கொண்டு வருகிறது, சில மாதம் ஏறுவதும் உண்டு. என் கைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கிறது.

அவருடைய வியாதியோடுதான் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் அடி வாங்கியது அவர்தான் என்பது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதிக் கிளாசை அவர் என் பக்கம் நகர்த்தும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.